அத்தான் அழாத விளையாட்டு

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு டயர் விளம்பரத்துக்கு அழுதவர். மழையில் ஒரு லாரி வரும். வீட்டு ஜன்னலில் ஒரு குழந்தை மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும். டயர் வழுக்காது, அப்பா வந்து சேர்ந்துவிடுவார், கம்பெனியின் பெயர் திரையில் வரும். அவ்வளவுதான் விளம்பரம். அதற்குள் அத்தானின் இடது கண் நிறைந்து, வலது கண்ணும் கூடவே கிளம்பி, மீசை நனைந்துவிடும். செய்திகளுக்கு நடுவே அது மூன்று முறை வந்தால் மூன்று முறையும் அழுவார். “வந்துட்டான் பாரு மாப்ளே, வந்துட்டான்” என்று என் முழங்காலைப் பிடித்து ஆட்டுவார். வராமல் எங்கே போவான்? டயர் விற்க வேண்டாமா?

எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே ஆகாது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு; அதை மிதித்து மிதித்தே என் கால் தடித்துவிட்டது, கூடவே என் கோபமும். நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து “மெதுவா, மெதுவா, ஐயோ மெதுவா” என்று கத்திவிட்டு வருகிறவனுக்குப் பொய்க்கதைக்கு அழ எங்கே தெம்பு? படம் என்றால் படம். செத்தவன் அடுத்த மாதம் வேறு படத்தில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவான். இதை அத்தானுக்கு எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். “சரிதான் மாப்ளே, நீ சொல்றது சரிதான்” என்று தலையை ஆட்டிக்கொண்டே மூக்கைச் சிந்துவார்.

வேடிக்கை என்னவென்றால், வேலை என்று வந்துவிட்டால் மனிதர் கல். லிஃப்ட் மெக்கானிக். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, விரல் இடுக்குகளில் எந்த சோப்புக்கும் போகாத கிரீஸ். உயரமான கட்டடங்களின் உச்சியில் இருக்கிற மோட்டார் அறைக்கும் அடியில் இருக்கிற குழிக்குமாக அவர் பிழைப்பு ஓடுகிறது. ஒருமுறை கம்பிக்கயிறு உள்ளங்கையைக் கிழித்துத் தையல் போட வேண்டிவந்தது. முகம் சுளிக்கவில்லை. டாக்டரிடம் அவர் கேட்டதெல்லாம், “ஏழு மணிக்குள்ள முடிஞ்சிடுமா சார்? ஒரு தொடர் இருக்கு. போன வாரம் அந்தப் பொண்ணு ஆத்துல விழுந்துட்டா” என்பதுதான். அன்று மாலை கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் நீந்திக் கரையேறிவிட்டாள். அதற்கும் அழுதார்.

அவர் அழுகைக்குக் கைக்குட்டை கட்டுப்படியாகாது. நீல நிறத்தில் ஒரு குளியல் துண்டு வைத்திருக்கிறார். வீட்டில் அதற்குப் பெயரே சினிமாத் துண்டு. வேறு யாரும் அதில் முகம் துடைக்கக் கூடாது.

என் அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். எதையும் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று பிரித்துப் பழகியவள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தொடரில் ஒரு கிழட்டுக் கப்பல்காரர் செத்துப்போனார். அத்தான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் பால்கனியில் நின்றுகொண்டார். என்ன கெஞ்சியும் சாப்பிட வரவில்லை. அதற்குப் பிறகு அக்கா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். மாலையில் பார்க்கப்போகும் பகுதியை மதியமே, கடையில் கூட்டமில்லாத நேரத்தில், தன் போனில் ஓட்டிப் பார்த்துவிடுவாள். சிரிப்பான பகுதி என்றால் ஒன்றும் சொல்ல மாட்டாள். கனமான விஷயம் என்றால் வீட்டுக்கு வந்ததும், “சாப்பிட்டுட்டு உக்காருங்க” என்பாள். அந்த இரண்டு வார்த்தைக்கு, யாரோ சாகப்போகிறார்கள் அல்லது பிரிந்த யாரோ சேரப்போகிறார்கள் என்று பொருள். அத்தான் மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டு, கை கழுவி, துண்டை மடியில் விரித்துக்கொண்டு உட்காருவார்.

அவரோடு தியேட்டருக்குப் போவது இன்னொரு தண்டனை. படம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் அசைய மாட்டார். திரையில் பெயர்கள் ஓடும். விளக்குப் பிடித்தவர், முடி சீவிவிட்டவர், வண்டி ஓட்டியவர் என்று கடைசிப் பெயர் வரை ஒவ்வொன்றாக வாசிப்பார். பெருக்க வருகிற அம்மா அவர் காலடியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிப் பெருக்குவாள். “எல்லாரும் வெளிய வந்துடட்டும் மாப்ளே, அப்புறம் கிளம்பலாம்” என்பார். யார் எங்கிருந்து வெளியே வரவேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கியதில்லை. பார்க்கிங்கில் என் காரை நாலாபக்கமும் அடைத்துவிட்டார்களே என்கிற எரிச்சல்தான் எனக்கு.

விளையாட்டுகளும் அப்படித்தான். அவர்களுக்கு ஒரே மகள். இருபத்தாறு வயதாகியும் அவள் பாப்பாதான். சின்ன வயதில் அவள் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று வைத்திருந்தாள். எல்லாரும் அதில் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு பறப்பார்கள். அத்தான் சிக்னலில் நிறுத்துவார். யாராவது குறுக்கே வந்தால் அவர்கள் கடந்து போகும்வரை காத்திருப்பார். போட்டியில் கடைசியாகத்தான் வருவார், ஆனால் வண்டியில் ஒரு கீறல் இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் உதாரணம் சொல்வேன். ஆனால் பண்ணை விளையாட்டில் மாட்டை விற்க மாட்டேன் என்று அடம்பிடித்து, எழுபது மாட்டோடு நடக்க இடமில்லாமல் நின்றார். சுடுகிற விளையாட்டில் விழுந்த எதிரியை ரோட்டோரமாக இழுத்துப் போட வழி தேடினார். பாப்பா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு இந்தப் பைத்தியம் தொற்றியது அங்கேதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். கண் டாக்டரைப் பார்க்கப் போன கட்டடம். நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. நான் ஒருவன்தான் உள்ளே. எனக்கு அடைபட்ட இடம் ஆகாது. காரில் கூடக் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் உட்காருவேன். மணியை அழுத்தினேன், கதவைக் குத்தினேன், தெரிந்த வசவெல்லாம் தீர்ந்தபோது சட்டை நனைந்து மூச்சு முட்டத் தொடங்கியது. அப்போது கதவுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு குரல்.

“உள்ள யாருங்க?”

“அத்தான்!” என்று நான் அலறியது கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

“அட, மாப்ளே, நீயா! நல்லதாப் போச்சு. உக்காரு, தரையில உக்காரு. கதவுல சாஞ்சுக்கோ. நானும் இந்தப் பக்கம் சாஞ்சுதான் உக்காந்திருக்கேன். மேல எங்கூட வேலை பாக்கற பையன் மோட்டாரைப் பாத்துட்டிருக்கான். ஒரு கதை சொல்றேன், கேளு.”

கதை! எனக்கு வந்த கோபத்தில் கதவைக் கடித்திருப்பேன். அவர் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு தொடர். அக்காவும் தங்கையும் சேர்ந்து பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள். இருவருக்கும் ஒரு பைப்பை யார் சரியாக மாட்டவில்லை என்பதில் சண்டை வந்து, தங்கை கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போய்விடுகிறாள். வருஷக்கணக்கில் பேச்சில்லை. ஒருநாள் அக்காவுக்கு மனசு கேட்காமல் தங்கையைத் தேடி ரயில் ஏறுகிறாள். அதே நேரம் தங்கையும் அக்காவைப் பார்க்க எதிர்த் திசையில் ரயில் ஏறிவிட்டாள். இரண்டு ரயிலும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இவள் ஜன்னல் இந்தப் பக்கம், அவள் ஜன்னல் அந்தப் பக்கம்...

“அப்புறம் என்னாச்சு?” என்றேன்.

வெளியே அவர் சிரிப்பது கேட்டது. அதே நேரத்தில் லிஃப்ட் மெல்ல மேலே நகர்ந்து, கதவு திறந்தது. கதை அங்கேயே நின்றுபோனது. நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கண் டாக்டரிடம் போய்விட்டேன். வீட்டில் எல்லாரும் இருக்கும்போது அந்தச் சகோதரிகள் என்ன ஆனார்கள் என்று கேட்க எனக்கு ரோஷம் விடவில்லை.

பிறகொரு நாள் அவரே சொன்னார். “மாட்டிக்கிட்டவங்களுக்கு முதல்ல பயம், அப்புறம் கோவம், அப்புறம் மூச்சு வாங்கும். எப்ப ‘அப்புறம் என்னாச்சு’ன்னு கேக்கறாங்களோ, அப்பவே ஆள் தேறிட்டாங்கன்னு அர்த்தம். எங்க வேலையில அதான் மாப்ளே முறை. மேல ஒருத்தன் மெஷினைப் பாக்கணும், கதவுகிட்ட ஒருத்தன் உக்காரணும். கதவுகிட்ட இருக்கறவன் என்ன வந்தாலும் எழுந்திரிக்கக் கூடாது. உள்ள இருக்கறவங்க வெளிய வந்து கால் வைக்கற வரைக்கும் பேசிட்டே இருக்கணும்.”

இனி பாப்பாவின் கதைக்கு வருகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் அதை விட்டுவிட்டு விளையாட்டு உருவாக்கப்போகிறேன் என்றாள். நான் வேண்டாமென்று குதித்தேன். அக்கா யோசித்தாள். அத்தான், “அதுல மாடு விக்கற மாதிரி வைக்காதம்மா” என்று மட்டும் சொன்னார். படம் வரைகிற ஒரு தோழி, இசை போடுகிற ஒரு நண்பன், மூன்று பேருமாகப் பாப்பாவின் அறையில் இரண்டு வருடம் கிடந்தார்கள். விற்பதற்கு ஒரு கம்பெனியும் ஒத்துக்கொண்டது. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும் என்கிற கட்டத்தில், முதல் ஆளாக முழுவதும் விளையாடிப் பார்க்க அவள் தேர்ந்தெடுத்தது அப்பாவைத்தான். விற்கப்போகிற கம்பெனியை விட, ஊரில் இருக்கிற அத்தனை பேரை விட, அவளுக்கு அந்த நீலத் துண்டின் தீர்ப்புதான் முக்கியம்.

கதை இதுதான். கடலுக்குள் மூழ்கிப்போன ஒரு நகரம். அதில் ஒரு சின்னப் பெண் வழி தெரியாமல் அகப்பட்டுக்கொள்கிறாள். துருப்பிடித்த ஒரு இயந்திர மனிதன் அவளுக்குத் துணை. அதன் பெயர் டப்பா. விளையாடுகிறவர்தான் அந்தப் பெண். இருவரும் தண்ணீர் புகுந்த தெருக்களையும் பள்ளிக்கூடத்தையும் கடைகளையும் கடந்து, வெளியே போகிற ஒரே இரும்புக் கதவுக்கு வந்து சேர்கிறார்கள். தண்ணீர் புகுந்து கதவின் மோட்டார் நின்றுகிடக்கிறது. டப்பா தன் தகரக் கையால் கதவைத் தூக்கிப் பிடிக்கிறது. பெண் குனிந்து வெளியே போக வேண்டும். அவள் போனதும் கதவு விழும். டப்பா உள்ளேயே நின்றுவிடும்.

“எழுதும்போதே நான் அழுதேன் மாமா,” என்றாள் பாப்பா என்னிடம். “எங்கப்பா சும்மா விடுவாரா? துண்டைப் பிழியணும்.”

விளையாட்டைச் சோதிப்பதில் அவர்களுக்கு ஒரு கண்டிப்பான முறை இருக்கிறது. விளையாடுகிறவர் நடுவில் எதையும் கேட்கக் கூடாது, செய்தவர்கள் எதையும் சொல்லக் கூடாது. “அப்பா, முடியற வரைக்கும் எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. எங்க மாட்டினாலும் நீங்களேதான் வழி கண்டுபிடிக்கணும்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அத்தான் லீவு போடவில்லை. வேலை முடிந்து வந்து மாலையில் விளையாடுவதாக ஏற்பாடு. சின்ன அறையில் கம்ப்யூட்டரை வைத்து, துண்டையும் தயாராக நாற்காலியில் போட்டுவிட்டு, பாப்பா பக்கத்து அறையில் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் நாள் மாலையே அவர் கதவுக்கு வந்துவிட்டார். கடைசிக் காட்சிக்கென்று அந்த நண்பன் போட்ட இசை, வேறு எதுவும் காதில் விழாதபடி, சுவர் வழியாகக் கேட்டது. மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அத்தான் தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். கண் வறண்டு கிடந்தது. துண்டு மடிப்புக் கலையவில்லை.

“அப்பா?” என்றாள் பாப்பா.

“நல்லா இருக்கும்மா. போயிட்டிருக்கு,” என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மாலையும் அதே இசை. அதே வறண்ட கண். அதற்கு மறுநாளும். அக்கா என்னை வரச்சொல்லி போன் பண்ணினாள். நான் போனபோது வீடு துக்க வீடு மாதிரி இருந்தது. படம் வரைகிறவள் ஒரு மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள், இசை போடுகிறவன் இயர்போன் வயரை அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றினான்.

“முடிவு அவருக்குப் பிடிக்கலை மாமா,” என்றாள் பாப்பா. “அதைச் சொல்ல மனசில்லாம திரும்பத் திரும்ப விளையாடறாரு. எனக்காக எப்படியாவது அழுதுடலாம்னு பாக்கறாரு. அழுகை வரலை.”

“கூடவே ராத்திரி பகலா அந்த மெஷின் ஓடுது,” என்றாள் அக்கா. “அணைக்கவே விட மாட்டேங்கறாரு. அறையே கொதிக்குது.”

“டயருக்கு அழறவரு மாமா! அவரே அழலைன்னா வேற யாரு அழப்போறா? நான் கம்பெனிக்குச் சொல்லிடப்போறேன், இது வேண்டாம்னு. பழைய ஆபீஸ்ல இன்னும் ஆள் எடுக்கறாங்களாம்.” பாப்பா எத்தனை விழுந்து எழுந்து இதைச் செய்தாள் என்பதைப் பார்த்தவன் நான். ஆரம்பத்தில் குதித்தது உண்மைதான். ஆனாலும் அவள் அப்படித் தோற்றுப்போன முகத்தோடு நின்றதை என்னால் சகிக்க முடியவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அத்தான்மேல் கோபப்பட்டேன். தேவையில்லாத இடத்திலெல்லாம் ஊற்றுகிற மனுஷன், சொந்த மகளுக்கு ரெண்டு சொட்டு விட்டால் குறைந்தா போவார்?

சின்ன அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அத்தான் வேலைச் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திரையில் அந்த இயந்திரம், இரண்டு கையாலும் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. எதிரே சின்னப் பெண். “போ. நான் பிடிச்சிருக்கேன்,” என்றது டப்பா.

“பிடி, பிடி. நான் எங்கயும் போகலை,” என்றார் அத்தான் அதனிடம். “அப்ப அந்தத் தங்கச்சிக்காரி என்ன பண்ணினா, பெட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா...”

“என்ன அத்தான் பண்றீங்க?”

திரும்பிப் பார்த்தவர், “வா மாப்ளே, உக்காரு,” என்றார். “இவன் கதவுல மாட்டிக்கிட்டு நிக்கறான்.”

“எனக்கு வலிக்காது,” என்றது டப்பா.

“பொய் சொல்றான். பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறான் பாரு.”

“பொத்தானை அமுக்கினா நீங்க வெளிய போயிடலாமே!”

“நான் போயிடலாம். இவன்?”

எனக்குத் தலை சுற்றியது. “அப்ப நீங்க இன்னும் முடிக்கலையா? இத்தனை நாளா இங்கதான் நிக்கறீங்களா?”

“சும்மா நிக்கலை மாப்ளே. முட்டுக் கொடுக்க ஒரு கட்டை தேடினேன். வந்த வழியெல்லாம் திரும்பிப் போய், பள்ளிக்கூடம், கடை, ஒரு இடம் விடலை. எத்தனை இரும்புக் கம்பி கெடக்குதுங்கற! ஒண்ணையும் கையில எடுக்க முடியலை. பாப்பாகிட்ட கேக்கவும் கூடாதுன்னுட்டா. சரி, வழி தெரியற வரைக்கும் பேச்சுத்துணைக்காவது இருப்போம்னு உக்காந்துட்டேன். காலையில டூட்டிக்குப் போகும்போது சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டு, சொல்லிட்டுத்தான் போறேன்.”

அணைக்காத மெஷினும், தினமும் கேட்ட இசையும் எனக்கு அப்போதுதான் விளங்கின. பயிற்சிக் காரில் தவறான கியரைப் போடுகிறவர்களிடம் கத்துகிற அதே குரலில் கத்தினேன். செய்யக் கூடாத காரியத்தையும் செய்துவிட்டேன். “அத்தான், வழியே கிடையாது! அதான் கதை! நீங்க போகணும், கதவு விழணும், இவன் உள்ளயே நிக்கணும், நீங்க அழணும். அதுக்குத்தான் அங்க மூணு பேரு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க!”

அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளை உளறுவதைக் கேட்ட மாதிரி.

“சும்மா இரு மாப்ளே. ஆளை உள்ள வெச்சுட்டு அப்படியே விட்டுடுவாளா எம்பொண்ணு? ஏதாச்சும் வழி வெச்சிருப்பா. எனக்குத்தான் பிடிபடலை.”

எனக்குப் பின்னால் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பாப்பா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகம் முழுக்க நனைந்திருந்தது. அப்பாவிடம் வாங்கிய சொத்து அது, இடது கண்தான் முதலில்.

“வெளிய வெயில் அடிக்கும்,” என்றது டப்பா. கதவருகே மாறி மாறிச் சொல்ல அதற்கு அவள் எழுதிக்கொடுத்திருந்தது மொத்தம் அந்த மூன்று வசனம்தான்.

“அப்பா, இன்னைக்குப் போதும்பா, எழுந்திருங்க,” என்றாள்.

“இவன்?”

“நான் பார்த்துக்கறேன்.”

மகள் வாக்குக் கொடுத்த பிறகுதான் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

திங்கட்கிழமை அவர்கள் விளையாட்டை ஒப்படைக்கவில்லை. பாப்பா கம்பெனியோடு பேசி ஒரு மாதம் அவகாசம் வாங்கினாள். தோழிக்கும் நண்பனுக்கும் அதில் முதலில் இஷ்டமில்லை. நான் இருக்கும்போதே வாக்குவாதம் நடந்தது.

“வெளிய போறவங்களுக்கு அதே முடிவு இருக்கட்டும்,” என்றாள் பாப்பா. “போகாம உக்காந்திருக்கறவங்களுக்குத் தண்ணி வடியணும். மெதுவா, ரொம்ப மெதுவா. வடிஞ்சு முடிஞ்சா மோட்டார் ஓடும், கதவு தானா மேல போகும், ரெண்டு பேரும் சேர்ந்து வெளிய போகலாம்.”

“அவ்வளவு நேரம் எவன் உக்காருவான்?” என்றான் நண்பன்.

“எங்கப்பா.”

அவன் புதிதாக ஒரு இசை போட உட்கார்ந்தான். படம் வரைகிறவள், சின்னப் பெண் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்கிற மாதிரி புதிதாக வரைந்தாள். பாப்பா என்ன எழுதினாள் என்று மட்டும் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, “மாமா, நீங்க லிஃப்ட்ல மாட்டின கதையை இன்னொரு தடவை சொல்லுங்க,” என்று கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றாள்.

மாதம் முடிவதற்குள் எல்லாம் தயாராகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அக்கா வீட்டில் கூடினோம். அத்தான் ஆர்வம் தாங்காமல் கம்ப்யூட்டரை நோக்கி நடந்தார். பாப்பா குறுக்கே வந்து நின்றாள்.

“அப்பா,” என்றாள், “சாப்பிட்டுட்டு உக்காருங்க.”

அக்கா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமாய் அவள் ஒருத்தி மட்டும் சொல்லிவந்த வார்த்தை. அத்தான் சாப்பிட்டார், கை கழுவினார், துண்டை மடியில் விரித்துக்கொண்டார். நாங்கள் ஐந்து பேரும் பின்னால் நின்றோம்.

மூழ்கிய நகரத்தின் தெருக்களை இப்போது அவர் வீட்டு வழி மாதிரி கடந்தார். கதவு வந்தது. டப்பா கதவைத் தூக்கிப் பிடித்தது. “போ. நான் பிடிச்சிருக்கேன்,” என்றது. அத்தான் அசையவில்லை. “எனக்கு வலிக்காது,” என்றது. “வெளிய வெயில் அடிக்கும்,” என்றது. அத்தான் இரண்டு கையையும் பொத்தான்களிலிருந்து எடுத்துத் துண்டின்மேல் வைத்துக்கொண்டார். எனக்குக் கால் பரபரத்தது; தரையில் இல்லாத ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே நின்றேன்.

டப்பாவின் தலை கிறீச்சென்று மெதுவாகத் திரும்பியது. அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தது.

“இன்னும் போகலையா நீ?” என்றது. “சரி, உக்காரு.”

சின்னப் பெண் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு டப்பா கேட்டது:

“அப்புறம் என்னாச்சு?”

அத்தான் அழுத அழுகையை நான் இதுவரை பார்த்த எந்தப் படத்துக்கும் எந்தத் தொடருக்கும் பார்த்ததில்லை. இடது கண், வலது கண் என்ற வரிசையெல்லாம் இல்லை, ஒரேயடியாக உடைந்துவிட்டார். தோள் குலுங்கியது, நாற்காலி குலுங்கியது. பாப்பா கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள், பிறகு அவளும் அழுதாள், பிறகு தோழியைக் கட்டிக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். இசை போட்டவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

“அப்புறம் என்னாச்சு?” என்று டப்பா மறுபடி கேட்டது.

அத்தான் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“பதில் சொல்லுங்களேன்!” என்றாள் அக்கா, துண்டின் ஒரு முனையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “பாவம், அது எவ்வளவு நேரம்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?”

“எங்க விட்டேன்னு...” என்றார் அத்தான் திணறிக்கொண்டு. “எங்க விட்டேன்னே ஞாபகம் வரலையே...”

“ரெண்டு ரயிலும் பக்கத்துல பக்கத்துல நிக்குது,” என்றேன். “அக்கா ஜன்னல் இந்தப் பக்கம், தங்கச்சி ஜன்னல் அந்தப் பக்கம்.”

எல்லாரும் டப்பாவை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன பாக்கறீங்க?” என்று எரிந்து விழுந்தேன். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அத்தான் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

“சொல்லுங்க அத்தான். அப்புறம் என்னாச்சு?”